பித்தநீர் மேலே ஏறும்போது: எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

எண்டோஸ்கோபி முடிந்து கைக்கு வந்த அறிக்கையில் "இரைப்பையில் பித்தநீர் காணப்படுகிறது" என்று ஒரு வரி இருந்தது. அதுவரை நெஞ்செரிச்சல் என்றால் அமிலம், அமிலம் என்றால் மாத்திரை என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். பித்தநீர் எங்கிருந்து வந்தது, அது அங்கே என்ன செய்கிறது, நான் தினமும் விழுங்கும் மாத்திரை அதைத் தடுக்குமா என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. நான் மருத்துவர் இல்லை. எட்டு வருடமாக எதுக்களிப்போடு வாழ்கிறேன்; என் உடம்பைப் புரிந்துகொள்ளப் படித்ததையும் கேட்டதையும், இன்று அதே வரியை முதல்முறை பார்க்கிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. உணவு தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்வது, விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ரத்தசோகை: இவற்றில் எது இருந்தாலும் மேற்கொண்டு படிப்பதைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தும் வலி வந்து கை, தாடை பக்கம் பரவினாலோ, மூச்சுத் திணறலும் வியர்வையும் சேர்ந்து வந்தாலோ, அதை எதுக்களிப்பு என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் அந்த நிமிடமே.

படி 1: பித்தநீர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

நம் பேச்சில் 'பித்தம்' என்ற சொல்லுக்குப் பல வேலைகள் உண்டு. தலைசுற்றினாலும் பித்தம், வாய் கசந்தாலும் பித்தம். இங்கே பேசப்போவது அந்தப் பித்தம் இல்லை. கல்லீரல் சுரக்கிற, மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு திரவம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி பித்தப்பையில் சேர்ந்து கெட்டியாகி இருக்கும். கொழுப்புள்ள உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்குள் நுழைந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்கச் சொல்கிறது. பித்தநீர் குழாய் வழியே குடலில் கொட்டி, கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கிறது. வேலை முடிந்ததும் பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சி, மறுபடி கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது.

ஆக, பித்தநீரின் இடம் குடல். அது உணவுக்குழாய்க்கு வர இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலாவது, இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் இருக்கிற பைலோரஸ் என்ற சுருக்குத்தசை. இரண்டாவது, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள சுருக்குத்தசை.

முதல் வாசல் எல்லோருக்குமே அவ்வப்போது கொஞ்சம் கசியும். இரைப்பையில் சிறிது பித்தநீர் இருப்பது நோய் இல்லை. எண்டோஸ்கோபி செய்யும்போது குமட்டல் வருகிறது, உள்ளே காற்றும் செலுத்துகிறார்கள். அந்தச் சமயத்தில் பித்தநீர் இரைப்பைக்குள் வருவது சகஜம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மூன்று இரவு நான் தூங்கவில்லை. இதை அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். அதனால்தான் இதை முதல் படியிலேயே வைத்தேன்.

இரண்டாவது வாசலும் சரியாக மூடாதபோதுதான் சிக்கல். தசை தளர்ந்திருக்கலாம், நேரம் கெட்ட நேரத்தில் திறந்து மூடலாம், இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறியிருக்கலாம், அதை ஹயாட்டஸ் குடலிறக்கம் என்பார்கள். வயிற்றுப் பகுதியில் எடை கூடினால் உள்ளழுத்தமும் கூடும். இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றியவர்களுக்கும் பைலோரஸைத் திருத்தும் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் முதல் வாசலே இல்லாமலோ வலுவிழந்தோ போகிறது. அவர்களிடம் பித்தநீர் எதுக்களிப்பு அதிகம். பித்தப்பையை எடுத்த பிறகு சிலருக்குப் பித்தநீர் இரைப்பைக்கு வருவது கூடலாம். இந்த அறுவைசிகிச்சைகளில் ஏதாவது உங்களுக்கு நடந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

படி 2: வாய்க் கசப்பை வைத்து முடிவுகட்டாதீர்கள்

"காலையில் வாய் கசக்கிறது, அப்படியானால் எனக்குப் பித்த எதுக்களிப்பு" என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பித்தநீர் கசக்கும் என்பது உண்மை. மஞ்சளாகவோ பச்சையாகவோ வாந்தி வந்தால் அதில் பித்தநீர் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் வாய் கசக்க வேறு நிறையக் காரணங்கள் உண்டு: ஈறு நோய், வாய் உலர்ந்துபோவது, சில மருந்துகள். நெஞ்செரிச்சல், ஏப்பம், மேல்வயிற்று வலி ஆகியவை அமிலத்தாலும் வரும், பித்தநீராலும் வரும். அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அதற்குப் பதிலாக இரண்டு வாரம் ஒரு குறிப்பு எழுதுங்கள். எரிச்சல் வந்த நேரம், அதற்கு முன் எப்போது சாப்பிட்டீர்கள், எவ்வளவு, படுத்திருந்தீர்களா, மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள். இவ்வளவு போதும். மருத்துவரிடம் "எப்பவுமே எரியுது" என்று சொல்வதைவிட "இரவு 2 மணிக்கு எழுப்பிவிடுகிறது, வாரத்தில் 4 நாள்" என்று சொல்வது பரிசோதனையின் போக்கையே மாற்றும்.

படி 3: அமிலமும் பித்தமும் சேர்ந்தால் என்ன ஆகிறது

இந்தப் பகுதி கொஞ்சம் நீளம். ஆனால் இது புரிந்துவிட்டால் சிகிச்சையில் சொல்லப்படுகிற எல்லாமே தானாகப் புரியும். பொறுமையாக வாருங்கள்.

பித்த அமிலம் என்பது ஒரே பொருள் இல்லை, ஒரு குடும்பம். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து கோலிக் அமிலம், கீனோடீஆக்சிகோலிக் அமிலம் என்று இரண்டைத் தயாரித்து, ஒவ்வொன்றோடும் கிளைசின் அல்லது டாரின் என்ற சிறு மூலக்கூறை ஒட்டி அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்கள் அந்த ஒட்டைப் பிரித்து, டீஆக்சிகோலிக் அமிலம் போன்ற வேறு வகைகளை உண்டாக்குகின்றன. எல்லாமே சோப்பு மாதிரி வேலை செய்பவை. ஒரு பக்கம் நீரோடும் மறுபக்கம் கொழுப்போடும் ஒட்டும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

மின்னூட்டம் உள்ள பித்த அமிலம் அந்தச் சவ்வைத் தாண்டி உள்ளே போகச் சிரமப்படும். மின்னூட்டம் இல்லாத வடிவம் எளிதாக நுழைந்துவிடும். எந்த வடிவத்தில் இருக்கும் என்பதைச் சுற்றியுள்ள அமிலத்தன்மை, அதாவது பிஎச் அளவு, தீர்மானிக்கிறது. (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகிறது.) டாரின் ஒட்டியவை பிஎச் 2-ஐ ஒட்டிய கடும் அமிலத்தில் மின்னூட்டம் இழக்கத் தொடங்குகின்றன. கிளைசின் ஒட்டியவை 4-க்கு அருகில். ஒட்டு ஏதும் இல்லாதவை 5, 6 என்ற மிதமான நிலையிலேயே. உள்ளே நுழைந்தபின் செல்லுக்குள் பிஎச் கிட்டத்தட்ட 7; அங்கே மறுபடி மின்னூட்டம் பெற்று வெளியே வர முடியாமல் தேங்கிவிடுகின்றன. தேங்கியவை செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் கெடுக்கின்றன, தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிடுகின்றன, டிஎன்ஏவையும் சேதப்படுத்துகின்றன. முயலின் உணவுக்குழாய்த் திசுவில் செய்த சோதனைகளில், மிதமான அமிலத்தோடு பித்த அமிலம் பட்டபோது செல்களுக்கு இடையிலான இடைவெளி விரிந்துபோனதைக் கண்டிருக்கிறார்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் அமிலம் அடியிலுள்ள நரம்பு முனைகளைத் தொட்டு எரிச்சலை உண்டாக்குகிறது.

ஆகவே 'அமிலமா, பித்தமா' என்ற கேள்வியே சரியில்லை. பெரும்பாலானோருக்கு இரண்டும் சேர்ந்தே மேலே வருகின்றன, சேர்ந்து வரும்போது தனித்தனியாகச் செய்வதைவிட அதிகம் கெடுக்கின்றன. 1996-இல் வேசி, ரிக்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் அமிலத்தையும் பித்தநீரையும் ஒரே சமயத்தில் அளந்தார்கள். நோய் கடுமையாகக் கடுமையாக இரண்டின் அளவும் கூடியது. பாரெட் உணவுக்குழாய் (உணவுக்குழாயின் உட்புறச் செல்கள் குடல் செல்கள் போல மாறிவிடும் நிலை, படி 8-இல் வருகிறது) இருந்தவர்களிடம் மிக அதிகம். 'காரத்தன்மை எதுக்களிப்பு' என்ற பழைய பெயரை இன்னும் சில அறிக்கைகளில் பார்க்கலாம். அது குழப்பத்தைத்தான் உண்டாக்குகிறது, ஏனென்றால் பித்தநீர் பெரும்பாலும் அமிலத்தோடு கலந்தே உணவுக்குழாயை அடைகிறது.

படி 4: மாத்திரை எதைச் செய்கிறது, எதைச் செய்யாது

ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், எசோமிப்ரசோல் போன்ற பிபிஐ மாத்திரைகள் இரைப்பையின் அமிலச் சுரப்பைக் குறைக்கின்றன. வாசலை அவை மூடுவதில்லை. எதுக்களிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். மேலே வருவதில் அமிலம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மாத்திரை போட்டும் தொண்டைக்கு ஏதோ ஏறிவருகிறது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் பித்தநீருக்கு இந்த மாத்திரையால் பயனே இல்லையா? உண்டு. அமிலச் சுரப்பு குறையும்போது இரைப்பையில் இருக்கும் மொத்தத் திரவமும் குறைகிறது; மேலே வர இருப்பதே குறைவு. ஒமிப்ரசோல் எடுத்தவர்களிடம் பித்தநீர் எதுக்களிப்பும் குறைந்ததை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் முழுதாக நிற்பதில்லை. அமிலம் பாதி மட்டும் அடங்கி பிஎச் 4-ஐச் சுற்றி நின்றால், கிளைசின் ஒட்டியவை இன்னும் செல்லுக்குள் நுழையும் நிலையில்தான் இருக்கும். அரைகுறையாக மாத்திரை போடுவதில் உள்ள பிரச்சினை இதுதான்.

காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போடுங்கள். சாப்பிடும்போது அமிலச் சுரப்பிகள் வேலையைத் தொடங்கும், அப்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். நான் இரண்டு வருடம் தூங்கப்போகும்போது போட்டுக்கொண்டிருந்தேன். "மருந்து வேலை செய்யவில்லை" என்று அளவை இரட்டிப்பாக்கும் பேச்சு வந்தபோதுதான், எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்று முதல்முறையாக ஒருவர் கேட்டார். நேரத்தை மாற்றியதும் பாதி எரிச்சல் போனது. நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென நிறுத்தினால் அமிலம் சில வாரம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். நிறுத்துவதானால் மருத்துவரோடு பேசி மெல்லக் குறையுங்கள்.

படி 5: படுக்கையும் சாப்பாடும்

பித்தநீருக்கென்று தனிப் பத்தியம் எதுவும் கிடையாது. மேலே வருவதைக் குறைக்கும் எதுவும் அமிலம், பித்தநீர் இரண்டுக்கும் சேர்த்தே உதவும்.

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் விடுங்கள். படுக்கையின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைக்கலாம், அல்லது இடுப்பிலிருந்து சரிவாக ஏறும் மெத்தைத் துண்டு வைக்கலாம். தலையணைகளை அடுக்கினால் உடம்பு வயிற்றில் மடிந்து, அழுத்தம் கூடித்தான் போகும். இடதுபக்கம் திரும்பிப் படுங்கள். அந்த நிலையில் இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் வாசலுக்குக் கீழே தொங்குகிறது. வலதுபக்கம் படுத்தால் வாசல் திரவத்துக்குள் மூழ்கிவிடும்.

எடை அதிகமாக இருந்தால் குறைப்பது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் தரும். புகை பிடிப்பதை விடுங்கள், அது உணவுக்குழாய் வாசலின் சுருக்குத்தசையைத் தளர்த்துகிறது. கொழுப்பு மிகுந்த பெரிய சாப்பாடு பித்தப்பையைச் சுருக்கும் அதே ஹார்மோன் வழியாக உணவுக்குழாய்த் தசையையும் தளர்த்துகிறது, இரைப்பை காலியாவதையும் தாமதமாக்குகிறது. அதற்காகக் கொழுப்பை அடியோடு ஒழிக்க வேண்டாம், ஒரே வேளையில் குவிக்காமல் இருந்தால் போதும்.

படி 6: அளந்து பார்க்கச் சொல்லுங்கள்

மாத்திரையைச் சரியான நேரத்தில், சொன்ன அளவில் 8 வாரம் போட்டும் சரியாகவில்லை என்றால், மேலும் மேலும் மருந்தைக் கூட்டுவதைவிட அளந்து பார்ப்பதே நல்லது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

எண்டோஸ்கோபி புண்ணையும் திசு மாற்றத்தையும் காட்டும். அறிக்கையில் லாஸ் ஏஞ்சல்ஸ் தரம் ஏ முதல் டி வரை இருக்கும். ஏ என்றால் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத சிறு புண், டி என்றால் சுற்றளவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பரவியது.

அடுத்தது 24 மணி நேர பிஎச்-இம்பீடன்ஸ் பரிசோதனை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு ஒரு நாள் முழுக்க அணிந்திருக்க வேண்டும். திரவம் மேலே ஏறும்போது மின்தடை மாறுவதை இது பதிவுசெய்வதால், அமிலம் குறைந்த எதுக்களிப்பையும் பிடித்துவிடும். பிஎச் மட்டும் அளக்கிற கம்பியில்லாக் காப்ஸ்யூல் இதைச் செய்யாது. அறிக்கையில் பார்க்க வேண்டிய முதல் எண், உணவுக்குழாயில் பிஎச் 4-க்குக் கீழ் இருந்த நேரத்தின் சதவீதம்: 4 சதவீதத்துக்குக் குறைந்தால் இயல்பு, 6 சதவீதத்துக்கு மேல் போனால் நோய். எதுக்களிப்பு எண்ணிக்கை ஒரு நாளில் 40-க்குள் இருந்தால் இயல்பு, 80-க்கு மேல் அதிகம். பரிசோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, போட்டுக்கொண்டே வர வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்திவிட்டுச் செய்வார்கள். நோய் உறுதியாகி, மருந்து போதவில்லையா என்று பார்க்கப் போட்டுக்கொண்டே செய்வார்கள்.

இந்தக் குழாயும் பித்தநீரை நேரடியாக அளப்பதில்லை. அதற்கென்றே பிலிடெக் என்ற கருவி இருந்தது. பித்தநீரின் நிறத்துக்குக் காரணமான பிலிருபின், 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும் என்பதை வைத்து அது வேலை செய்தது. இன்று பெரும்பாலான இடங்களில் அது கிடைப்பதில்லை. ஹைடா ஸ்கேன் பித்தநீர் இரைப்பைக்குள் வருவதைப் படமாகக் காட்டும். அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அது சில சமயம் பயன்படுகிறது.

படி 7: பித்தநீரைக் குறிவைக்கும் சிகிச்சைகள்

ஆல்ஜினேட் கலந்த திரவமோ மாத்திரையோ இரைப்பையில் உள்ளவற்றின் மேல் நுரைப்படலமாக மிதக்கும். மேலே வருவது அமிலமா பித்தமா என்று அது பார்ப்பதில்லை, இரண்டையும் மறிக்கும். சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும் எடுப்பது வழக்கம். எனக்குப் பிடித்த முதல் துணைமருந்து இதுதான்.

சுக்ரால்ஃபேட் புண்ணின் மேல் பூச்சாகப் படிவதோடு பித்த அமிலங்களையும் பிடித்துக்கொள்ளும். கொலஸ்டிரமின் போன்றவை பித்த அமிலங்களைப் பிணைப்பவை, ஆனால் எதுக்களிப்பில் அவற்றுக்கு வலுவான ஆதாரம் இல்லை. மற்ற மருந்துகளையும் பிணைத்துவிடும் என்பதால் இடைவெளி விட்டே எடுக்க வேண்டும். இரைப்பையிலேயே தங்கிப் பித்த அமிலத்தைப் பிடிக்கும்படி உருவாக்கிய ஒரு புதிய மருந்து பெரிய நம்பிக்கை தந்தது. கடைசிக் கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பலன் தெரியாததால் 2020-இல் கைவிட்டார்கள். உர்சோடீஆக்சிகோலிக் அமிலம் மற்றவற்றைவிட மென்மையான ஒரு பித்த அமிலம், சிலருக்குக் கொடுக்கிறார்கள். பாக்லோஃபென் உணவுக்குழாய் வாசலின் சுருக்குத்தசை நேரம் கெட்டுத் திறப்பதைக் குறைக்கும், ஆனால் மயக்கமும் தலைசுற்றலும் வரலாம். இவை எதையும் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

வாசலையே சரிசெய்வது அறுவைசிகிச்சை. ருடால்ஃப் நிஸ்ஸன் 1956-இல் வெளியிட்ட முறையில் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் போர்த்தித் தைக்கிறார்கள். வாசல் இறுகுவதால் அமிலம், பித்தநீர் இரண்டும் மேலே வருவது நிற்கும். இரைப்பையை ஏற்கெனவே வெட்டியவர்களுக்குப் பித்தநீர் தாங்க முடியாத தொல்லை தந்தால், ரூ-என்-ஒய் முறையில் குடலை மாற்றி இணைத்து, அது வெகுதூரம் கீழே கலக்கும்படி திருப்பிவிடுகிறார்கள்.

படி 8: பாரெட் என்று எழுதியிருந்தால்

உணவுக்குழாயின் உட்புறம் தோலைப் போலத் தட்டையான செல்களால் ஆனது. அமிலமும் பித்தமும் ஆண்டுக்கணக்கில் சுட்டால், அந்த இடத்தில் குடலில் இருப்பது போன்ற செல்கள் வளரத் தொடங்கலாம். ஆய்வகத்தில் பித்த அமிலம் பட்ட உணவுக்குழாய்ச் செல்கள், குடல் செல்லாக மாறத் தூண்டும் சிடிஎக்ஸ்2 என்ற மரபணுவை இயக்குவதைப் பார்த்திருக்கிறார்கள். எலிகளில் குடல் திரவம் மட்டும் உணவுக்குழாய்க்குள் பாயும்படி செய்தபோதே இந்த மாற்றமும் புற்றுநோயும் வந்தன.

இதைப் படித்துப் பதற வேண்டாம். பாரெட் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. செல்லில் முன்மாற்றம் (புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்) இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. அறிக்கையில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, 'சி2 எம்4' போல வரும் பிராக் அளவு: முழு வட்டமாக 2 சென்டிமீட்டர், அதிகபட்ச நீளம் 4 சென்டிமீட்டர் என்று பொருள். மற்றது, பயாப்ஸியில் (எடுத்த திசுத்துண்டின் பரிசோதனையில்) டிஸ்பிளேசியா, அதாவது அந்த முன்மாற்றம், இருக்கிறதா இல்லையா. இல்லை என்றால், 3 சென்டிமீட்டருக்குக் குறைவான நீளத்துக்கு 5 ஆண்டில் ஒருமுறையும் அதற்கு மேல் 3 ஆண்டில் ஒருமுறையும் எண்டோஸ்கோபி பார்ப்பது ஒரு பரவலான நடைமுறை. இருந்தால், எண்டோஸ்கோபி வழியாகவே அந்தத் திசுவைச் சுட்டோ வெட்டியோ அகற்ற முடியும்.

எரிச்சல் நின்றுவிட்டது என்பதற்காக இந்தக் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள். மாறிய திசுவுக்கு வலி உணர்வு குறைவு. சிலருக்கு பாரெட் வந்தபிறகுதான் நெஞ்செரிச்சலே அடங்குகிறது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது

இரண்டு வாரக் குறிப்பு, பழைய எண்டோஸ்கோபி அறிக்கை, பயாப்ஸி அறிக்கை, போடும் எல்லா மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். பயாப்ஸி அறிக்கை பெரும்பாலும் சில நாள் கழித்துத் தனியாக வரும். அதை வாங்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியவை: எனக்கு ஹயாட்டஸ் குடலிறக்கம் இருக்கிறதா, எவ்வளவு பெரியது? புண்ணின் தரம் என்ன? மாத்திரை போட்டும் மேலே வருகிறதா என்று இம்பீடன்ஸில் பார்க்கலாமா? ஆல்ஜினேட் சேர்க்கலாமா? இந்த மாத்திரையை எவ்வளவு நாள் போட வேண்டும், எதைப் பார்த்துக் குறைப்பீர்கள்?